ஹவுஸ் சர்ஜன்களுக்கு நோயாளியிடம் பேசக் கற்றுக்கொடுப்பது எப்படி? புதிதாக ஆசிரியர் ஆனவர்களுக்கு

எம்.டி.யோ எம்.எஸ்.ஸோ முடித்து இப்போதுதான் ஒரு யூனிட்டில் அசிஸ்டெண்ட் புரொஃபசராகச் சேர்ந்திருக்கிறீர்கள், இல்லையென்றால் கடைசி வருடப் பி.ஜி.யாக இருக்கிறீர்கள். உங்களுக்குக் கீழே நாலைந்து ஹவுஸ் சர்ஜன்கள், அதாவது எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசியில் ஒரு வருடப் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள். அவர்களுக்கு கேனுலா போட, கதீட்டர் போட, ஏ.பி.ஜி. (தமனி ரத்தச் சோதனை) எடுக்கச் சொல்லித்தருவது உங்கள் வேலை என்று உங்களுக்கே தெரியும். பேசச் சொல்லித்தருவதும் உங்கள் வேலைதான், ஆனால் அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சென்னை அரசு மருத்துவமனை வார்டை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சென்ட்ரல் எதிரே ஜி.எச். ஆகட்டும், ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை ஆகட்டும், கூட்டமும் நேரப் பற்றாக்குறையும் எங்கேயும் ஒன்றுதான். தனியாரில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

"அதெல்லாம் எம்.பி.பி.எஸ்.லேயே நடத்திட்டாங்களே சார்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். உண்மைதான். 2019-ல் சேர்ந்த பேட்ச் முதல் ஏ.இ.டி.காம் என்று ஒரு பாடம் இருக்கிறது, மனப்பான்மை, நெறிமுறை, தகவல் தொடர்பு மூன்றும் சேர்த்து, மொத்தம் 27 மாட்யூல். அது வந்தது நல்ல விஷயம். ஆனால் நூற்றைம்பது, இருநூற்றைம்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் கேட்ட பாடம், இரவு இரண்டு மணிக்கு மூச்சுவாங்கும் பாட்டியின் கட்டில் பக்கத்தில் தானாக வந்து நிற்காது. கேனுலா போடுவதை ஸ்லைடில் காட்டிவிட்டு வார்டுக்கு அனுப்பிவிடுகிறோமா? பக்கத்தில் நின்று போட வைக்கிறோம், கையைத் திருத்துகிறோம், மறுபடி போட வைக்கிறோம். பேச்சையும் அப்படித்தான் கற்றுக்கொடுக்க முடியும், வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் சும்மா பாருங்கள்

எதையும் சொல்லித்தருவதற்கு முன் ஒவ்வொரு ஹவுஸ் சர்ஜனும் ஒரு நோயாளியிடம் பேசுவதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரு தடவை பாருங்கள். கேட்பதற்கு எளிதாக இருக்கும், ஆனால் நம் ஊரில் கிட்டத்தட்ட யாரும் செய்யாத காரியம் இது. அவர்கள் எழுதிய கேஸ் ஷீட்டைப் பார்க்கிறோம், பிரசன்டேஷனைக் கேட்கிறோம், ஆனால் அந்த விவரத்தை எப்படிக் கேட்டு வாங்கினார்கள் என்று பார்ப்பதே இல்லை.

உங்கள் யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் டே அன்று இதை முயற்சிக்காதீர்கள். அடுத்த நாளோ அதற்கும் அடுத்த நாளோ, மதியம் வார்டு வேலை ஓய்ந்த நேரத்தில் பத்து நிமிடம் போதும். நோயாளியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: "அம்மா, இந்த டாக்டர் உங்ககிட்ட பேசுவாங்க, நான் பக்கத்துல நிக்கறேன், பரவாயில்லையா?" பிறகு கொஞ்சம் தள்ளி, நோயாளியின் பார்வை உங்கள் மேல் விழாத இடத்தில் நில்லுங்கள். பெரிய டாக்டர் தெரிந்தால் நோயாளி உங்களைப் பார்த்துத்தான் பேசுவார்.

ஒரு சின்னத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தன் பெயரைச் சொன்னாரா? நின்றாரா, உட்கார்ந்தாரா? முதல் கேள்வி என்ன? நோயாளி பேச ஆரம்பித்து எத்தனையாவது வாக்கியத்தில் குறுக்கிட்டார்? கண் முகத்தில் இருந்ததா, கேஸ் ஷீட்டில் இருந்ததா? நோயாளி ஏதாவது கேள்வி கேட்டாரா, அதற்குப் பதில் வந்ததா? முடிந்தவரை அவர்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள், பிறகு திருத்தும்போது அதுதான் கைகொடுக்கும்.

குறுக்கிடுவதைப் பற்றி ஒரு பழைய அமெரிக்க ஆய்வு இருக்கிறது, பெக்மேன், ஃபிராங்கெல் இருவரும் 1984-ல் வெளியிட்டது. 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து கேட்டார்கள். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கே புகுந்துவிடுகிறார், நாலில் ஒருவருக்குக்கூட முதலில் சொல்ல வந்ததை முடிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. முடிக்க விட்டவர்களோ பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள், இரண்டரை நிமிடத்தைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. "விட்டா பேசிட்டே இருப்பாங்க சார்" என்று சொல்லும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். சொன்னதோடு நிற்காமல் வாட்சைப் பார்த்து அவர்களையே அளக்க வையுங்கள்.

அடுத்து உங்கள் ரவுண்ட்ஸ்

நீங்கள் ரவுண்ட்ஸில் பேசுவதைத்தான் அவர்கள் நாளைக்குப் பேசுவார்கள். அதனால் இரண்டு விஷயங்களை இன்றைக்கே உங்களிடமிருந்து ஆரம்பியுங்கள்.

ஒன்று, ஒருமை. எழுபது வயதுக்காரரை "என்னா, மாத்திரை போட்டியா?" என்று கேட்கும் குரல் நம் வார்டுகளில் இன்னும் இருக்கிறது. அவர் அழுக்குச் சட்டை போட்டிருப்பதாலும் இலவச வைத்தியத்துக்கு வந்திருப்பதாலும்தான் அந்த ஒருமை வருகிறது, அதே ஆள் கார் வைத்திருந்தால் வராது. இது எனக்கு மனதை அறுக்கிற விஷயம். யூனிட்டில் ஒரு கட்டாய விதியாகவே வையுங்கள்: பெரியவர் எவரானாலும் ஐயா, அம்மா, நீங்க, வாங்க. வயது நெருக்கமானவர் என்றால் அண்ணா, அக்கா. பாட்டி, தாத்தா என்று கூப்பிடலாம், ஆனால் "சொல்லுங்க பாட்டி"யாக இருக்கட்டும். குழந்தைகளிடம் மட்டும் நீ, வா. கேஸ் பிரசென்ட் செய்யும்போதும் "இந்த ஹார்ட் ஃபெயிலியர்", "அந்த ஏழாம் நம்பர் பெட்" என்று ஆரம்பித்தால் நிறுத்தி, பெயரிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கட்டில் பக்கத்தில் நின்று பேசும் மறைமொழி. கேன்சருக்கு மைட்டோடிக், டி.பி.க்கு காக்ஸ், எச்.ஐ.வி.க்கு ரெட்ரோ. நோயாளிக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு பேசுகிறோம். கட்டிலில் படுத்திருப்பவரின் பேத்தி கையில் போன் இருக்கிறது, நாம் அடுத்த கட்டிலுக்குப் போவதற்குள் தேடிப் பார்த்துவிடுவாள். எச்.ஐ.வி. விஷயத்தில் இது சட்டப் பிரச்சினையும்கூட, 2017-ம் வருடச் சட்டத்தின்படி அவர் சம்மதம் இல்லாமல் அவருடைய நிலையை வெளியே சொல்லக் கூடாது. விவாதம் வேண்டுமென்றால் வார்டுக்கு வெளியே போய்ப் பேசுங்கள். கட்டில் பக்கத்தில் பேசித்தான் ஆக வேண்டுமென்றால் கடைசி ஒரு நிமிடம் நோயாளியிடம் திரும்பி, "இப்ப நாங்க இங்கிலீஷ்ல பேசினது என்னன்னா..." என்று சொல்லிவிட்டு நகருங்கள். அந்த ஒரு நிமிடத்தைச் சொல்லும் பொறுப்பை முறைவைத்து ஒவ்வொரு ஹவுஸ் சர்ஜனிடமும் கொடுங்கள், நல்ல பயிற்சி.

முதல் ஒரு நிமிடம்

இதை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளச் சொல்லலாம், தவறில்லை. "வணக்கம்மா, நான் டாக்டர் இன்னார், இந்த யூனிட்லதான் இருக்கேன். உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு முதல்லேர்ந்து சொல்லுங்க." அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். "உம்", "சரி", "அப்புறம்?" மட்டும். பெண் மருத்துவர்கள் பெயரோடு "டாக்டர்" என்பதை அழுத்திச் சொல்லப் பழக்குங்கள், இல்லையென்றால் "சிஸ்டர்" என்று கூப்பிட்டுவிட்டு, டாக்டர் வந்து பார்க்கவே இல்லை என்று சாயங்காலம் அட்டெண்டர், அதாவது நோயாளியோடு வந்த உறவுக்காரர், சண்டைக்கு வருவார்.

அவர் சொல்லி முடித்ததும் இரண்டு கேள்வி. "இது எதனால வந்திருக்கும்னு நீங்க நினைக்கறீங்க?" "இதுல உங்களுக்கு எது ரொம்ப பயமா இருக்கு?" நெஞ்சு எரிச்சலுக்கு வந்தவர், போன மாதம் அண்ணன் மாரடைப்பில் போனதை இரண்டாவது கேள்விக்குத்தான் சொல்வார். அது தெரியாமல் அமிலத்துக்கு எத்தனை பேன்டோப்ரசோல் மாத்திரை கொடுத்தாலும் அவர் அடுத்த வாரம் திரும்ப வந்து நிற்பார்.

ஓ.பி.யில் இதற்கெல்லாம் எங்கே நேரம் என்பீர்கள். ஓ.பி.யில் மூன்றை மட்டும் வையுங்கள்: சீட்டைப் பார்க்கும் முன் முகத்தைப் பார்ப்பது, முதல் இரண்டு வாக்கியத்தை வெட்டாமல் கேட்பது, அனுப்பும் முன் "இன்னும் ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பது.

மொழி

அகில இந்திய ஒதுக்கீட்டில் வரும் பிள்ளைகள் சிலருக்குத் தமிழ் வராது. கேலி செய்யாமல், முதல் வாரமே தமிழ் தெரிந்த ஒருவரோடு ஜோடி சேர்த்துவிடுங்கள். வலி எங்கே, எப்போதிருந்து, மலம், சிறுநீர், மாதவிலக்கு, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை என்று முப்பது நாற்பது கேள்விகளைப் பேச்சுத் தமிழில் அவர்களே தங்கள் எழுத்தில் எழுதிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளட்டும். பதில் புரியாதபோது புரிந்ததுபோல் தலையாட்டக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதேபோல நோயாளிகளிலும் தமிழ் வராதவர்கள் உண்டு: நெல்லூர், சித்தூர் பக்கத்திலிருந்து வரும் தெலுங்குக்காரர்கள், ஒடிசா, பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். யாரையாவது வைத்து மொழிபெயர்க்கும்போது நோயாளியின் சொந்தப் பிள்ளையை, அதுவும் சின்னப் பிள்ளையை, நடுவில் வைக்காதீர்கள். மேஸ்திரியையும் தவிர்க்கப் பாருங்கள், அவர் முன்னால் தொழிலாளி உண்மையைச் சொல்ல மாட்டார்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேறொரு சிக்கல். நாலரை வருடம் ஆங்கிலத்தில் படித்ததை வீட்டுத் தமிழில் சொல்ல வராது. வாரத்துக்கு ஒரு தலைப்புக் கொடுங்கள்: கிரியேட்டினின், பயாப்ஸி, டயாலிசிஸ், ஆஞ்சியோகிராம், வென்டிலேட்டர். வார்டு செக்யூரிட்டியிடமோ ஆயாம்மாவிடமோ இரண்டு நிமிடத்தில் விளக்க வேண்டும், அவர்கள் திருப்பிச் சொல்வது சரியாக இருந்தால் பாஸ். சுகர், பிரஷர், ஸ்கேன் எல்லாம் மக்கள் வார்த்தைகள், அவற்றை அப்படியே விடுங்கள். நோயாளி "தலை சுத்துது", "மயக்கமா வருது", "படபடன்னு வருது" என்றால் உடனே மனதுக்குள் ஒரு நோய்ப் பெயர் போட்டுவிடாமல், "அப்ப என்ன ஆச்சு, உட்கார்ந்துட்டீங்களா, விழுந்துட்டீங்களா, நினைவு இருந்ததா?" என்று கேட்க வைக்க வேண்டும்.

திருப்பிச் சொல்ல வைப்பது

டிஸ்சார்ஜ் நாளில்தான் நாம் அதிகம் கோட்டை விடுகிறோம். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும், வீட்டுக்குப் போய் எப்படி சாப்பிடுவீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்க" என்று கேட்கப் பழக்குங்கள், பரீட்சை வைப்பதுபோல் இருக்காது.

இன்சுலின் என்றால் சொல்ல வைத்தால் போதாது, செய்துகாட்ட வைக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் கொடுக்கும் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். வெளிக்கடையில் 100 யூனிட்டுக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சை வாங்கி, அதே கோடு வரை இழுத்துப் போட்டால் பாதி மருந்துகூட உள்ளே போகாது. சுகர் குறையவில்லை என்று நாம் டோஸை ஏற்றுவோம், பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்ச் கிடைத்து அவர் லோ சுகரில் மயங்கி வருவார். "வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்கா?" என்று கேட்காமலே "ஃப்ரிட்ஜ்ல வைங்க" என்று சொல்லிவிடுவதும் உண்டு. இல்லாதவருக்கு மண்பானைத் தண்ணீரில் எப்படி வைப்பது என்று ஹவுஸ் சர்ஜனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டி.பி. மாத்திரையும் இப்படித்தான்: இரண்டு மாதத்தில் இருமல் நின்று, எடை ஏறி, சாப்பாடு இறங்க ஆரம்பித்துவிடும், "அதுக்கப்புறமும் மொத்தம் ஆறு மாசம் ஏன்?" என்பதை முதல் நாளே சொல்லியிருந்தால்தான் மூன்றாவது மாதம் மாத்திரை நிற்காமல் இருக்கும்.

அட்டெண்டர்கள்

ஒரு நோயாளிக்கு நாலு பேர் வருவார்கள், காலையில் மகன், மதியம் மருமகள், ராத்திரி மச்சான், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஹவுஸ் சர்ஜன்கள் எரிச்சல்படுவது இங்கேதான். அட்மிஷன் அன்றே நோயாளியிடம் கேட்கச் சொல்லுங்கள்: "உங்க விஷயத்தை யார்கிட்ட சொல்லலாம்?" அந்த ஒருவர் பெயரும் போன் நம்பரும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு நேரம் ஒன்றை அறிவியுங்கள், ரவுண்ட்ஸ் முடிந்து தினமும் பன்னிரண்டரை என்று வைத்துக்கொண்டால் அந்த நேரத்தில் கட்டாயம் ஒருவர் அங்கே இருக்க வேண்டும், சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும். "இன்னைக்கு அப்படியேதான் இருக்கார், நாளைக்கு ஸ்கேன் இருக்கு" என்பதும் செய்திதான்.

பிள்ளைகளுக்கு அடி விழுமோ என்ற பயம் இருக்கிறது, அதை லேசாக எடுக்காதீர்கள். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தியதை எல்லோரும் செய்தியில் பார்த்தார்கள். எந்தக் குறையும் கத்திக்கு நியாயம் ஆகாது, 2008-லேயே இதற்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. குரல் உயரும்போது என்ன செய்வது என்பதையும் கற்றுக்கொடுங்கள்: தனியாக நிற்காமல் சீனியரைக் கூப்பிடு, கதவுக்கும் உனக்கும் நடுவில் அவரை நிற்கவிடாதே, எதிர்த்துச் சத்தம் போடாதே, "நீங்க பயந்துபோய் இருக்கீங்கன்னு தெரியுது, உட்காருங்க, முழுசா சொல்றேன்" என்று சொல். அடுத்த அடி எடுத்துவைத்தால் விலகி வந்து செக்யூரிட்டியையும் புறக்காவல் நிலையத்தையும் கூப்பிடு. பேச்சால் எல்லாம் தீரும் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள்.

கெட்ட செய்தி

இதற்கு ஸ்பைக்ஸ் என்று ஆறு படி கொண்ட முறை ஒன்று இருக்கிறது, பெய்ல், பக்மேன் முதலியோர் 2000-ல் எழுதியது. இடத்தைத் தயார் செய்வது, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, சொல்வது, உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன என்று திட்டம் சொல்வது. நம் வார்டுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது, ஒன்றிரண்டு விஷயம் மட்டும் சேர்க்க வேண்டும்.

தனி அறை கிடைக்காது. டூட்டி டாக்டர் ரூமைப் பத்து நிமிடம் காலி செய்யுங்கள், முடியாவிட்டால் வராந்தா ஓரத்தில் இரண்டு நாற்காலி. லிஃப்ட் வாசலில் வேண்டவே வேண்டாம். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று மகன் கையைப் பிடிப்பார், சென்னையில் இது அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் வரும். உடனே சரி என்றும் சொல்லக் கூடாது, சட்டம் பேசவும் கூடாது. "எதுக்காக பயப்படறீங்க?" என்று மகனிடம் கேட்டு, பிறகு அப்பாவிடம் போய், "ரிசல்ட் வந்திருக்குய்யா. உங்ககிட்டயே சொல்லவா, பையன்கிட்ட பேசவா?" என்று அவர் விருப்பத்தைக் கேட்க வேண்டும். பெரும்பாலும் அவருக்குப் பாதி தெரிந்தே இருக்கும்.

வார்த்தை தெளிவாக இருக்கட்டும். "கட்டி மாதிரி", "கொஞ்சம் சீரியஸ்" என்று சுற்றி வளைத்தால் அடுத்த நாள் மறுபடி கேட்பார்கள். "இது கேன்சர்தான்மா" என்று சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். அந்த மௌனத்தை நிரப்ப இளம் மருத்துவர்கள் உடனே கீமோதெரபி, ரேடியேஷன் என்று அடுக்குவார்கள், அதைத் தடுப்பதுதான் உங்கள் முக்கிய வேலை. மரணமும் அப்படியே. "எக்ஸ்பயர் ஆயிட்டார்" வேண்டாம், "இறந்துட்டார்" என்றோ "தவறிட்டார்" என்றோ சொல்லட்டும். விபத்து, விஷம் போன்ற கேஸ்களில் போலீஸ் வந்து போஸ்ட்மார்ட்டம் முடிந்துதான் உடலைத் தருவார்கள் என்பதை முதலிலேயே, எவ்வளவு நேரம் ஆகலாம் என்பதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பிணவறை வாசலில் வெடிக்கும் கோபத்தில் பாதி, இதை யாரும் சொல்லாததால் வருவது.

மூளைச்சாவு இன்னும் கடினமான பேச்சு. 2008-ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை அவன் பெற்றோர் கொடுத்த பிறகு சென்னையில் இதைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு, ஆனாலும் நெஞ்சு ஏறி இறங்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே அது மரணம் என்று நம்புவது எந்தத் தாய்க்கும் எளிதல்ல. ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிப்பதைக் குடும்பத்துக்கு விளக்க வேண்டும். மரணம் என்ற செய்தியையும் உறுப்புக் கொடை என்ற கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்கவே கூடாது, இரண்டாவதைப் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் கேட்கட்டும். ஹவுஸ் சர்ஜன் இந்த அறையில் உட்கார்ந்து பார்க்கலாம், பேசக் கூடாது.

பொதுவாகவே கெட்ட செய்தியை ஹவுஸ் சர்ஜனைத் தனியாக அனுப்பிச் சொல்ல வைக்காதீர்கள். முதலில் நீங்கள் சொல்வதைப் பார்க்கட்டும், பிறகு நீங்கள் பக்கத்தில் இருக்க அவர் சொல்லட்டும். வெளியே வந்ததும் ஒரு டீ குடித்துக்கொண்டு அவருக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள், சிலர் அழுவார்கள், அழட்டும்.

கன்சென்ட் பற்றி ஒரே வார்த்தை. "போய் சைன் வாங்கிட்டு வா" என்று அனுப்புவதை நிறுத்துங்கள். சமீரா கோலி வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, மாற்று என்ன என்று தெரிந்து கொடுப்பதுதான் சம்மதம், ஒன்றுக்குக் கொடுத்தது இன்னொன்றுக்குச் செல்லாது. அந்த ஆபரேஷனை விளக்கத் தெரியாதவர் கைரேகை வாங்கப் போகக் கூடாது.

நடித்துப் பழகுவது

நோயாளிபோல் நடிக்க ஆட்களைப் பயிற்றுவித்து மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதை ஹோவர்ட் பாரோஸ் 1963-லேயே அமெரிக்காவில் ஆரம்பித்துவிட்டார். நமக்குப் பணமும் தேவையில்லை, லேபும் தேவையில்லை. வாரம் ஒரு மதியம் அரை மணி நேரம், செமினார் ஹால், ஒரு பி.ஜி.யோ ஸ்டாஃப் நர்ஸோ நோயாளி. ஸ்டாஃப் நர்ஸ்கள் பிரமாதமாகச் செய்வார்கள், நோயாளிகள் டாக்டர் போன பிறகு பேசுவதையெல்லாம் கேட்டவர்கள் அவர்கள்தானே. அட்டையில் நாலு வரி எழுதிக் கொடுங்கள்: காசிமேட்டு மீனவர், சுகர் புண், விரலை எடுக்க வேண்டும், ஆனால் தடைக்காலம் முடியப்போகிறது, படகு கிளம்பும் முன் வீட்டுக்குப் போகத் துடிக்கிறார். அவர் மனதில் இருக்கும் கடன் விஷயத்தைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும்.

முடிந்ததும் எது நன்றாக வந்தது என்று பேசியவரே முதலில் சொல்லட்டும், பிறகு நோயாளியாக நடித்தவர், அப்புறம் நீங்கள். "எம்பதி போதலை" என்று சொல்வதால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. "அவர் படகுன்னு சொன்னப்ப நீங்க ஷுகர் வேல்யூ கேட்டீங்க, அந்த இடத்துல வேற என்ன கேட்டிருக்கலாம்?" என்று குறித்துவைத்த வாக்கியத்தைக் காட்டுங்கள், அந்த இடத்திலிருந்து மறுபடி நடிக்க வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு திருத்தம். நிஜ வார்டிலும் இதே முறைதான், ஆனால் நோயாளி காதில் விழும்படி திருத்தாதீர்கள்.

முப்பது மணி நேரம் தூங்காத பிள்ளையிடம் இதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். அன்றைக்கு அவரை அனுப்பிவிட்டு நீங்களே அட்டெண்டரிடம் பேசுங்கள்.

போஸ்டிங் முடிந்து போகும்போது ஒவ்வொருவரின் லாக் புக்கிலும் செய்முறைகள் பட்டியலுக்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள்: பேச்சில் எது நன்றாக வருகிறது, எதில் இன்னும் பக்கத்தில் ஆள் தேவை. தொடர்ந்து நோயாளிகளிடம் கடுமையாகப் பேசுபவர் என்றால் தனியாக உட்காரவைத்துக் காரணம் கேளுங்கள், வீட்டிலோ ஹாஸ்டலிலோ ஏதாவது இருக்கலாம், அதன் பிறகும் மாறவில்லையென்றால் கையெழுத்துப் போடும் முன் சீஃபிடம் சொல்லுங்கள். அடுத்த யூனிட்டில் அவரை வாங்கிக்கொள்ளும் அசிஸ்டெண்ட் புரொஃபசருக்கு ஒரு போன் போட்டு, "அந்தப் பையன் இன்னும் குறுக்கே பேசறான், முதல் வாரமே ஒரு கேஸ் நின்னு பாருங்க" என்று சொல்லிவிடுங்கள்.